வாசல் மாறிய சாரை

மழை மூன்றாவது வருசமும் ஏமாற்றிவிட்டுப் போன பங்குனி மாதத்தில், ஊசிக்கரட்டு எறும்புகள் எங்கள் ஊரில் செத்துப்போனவர்கள் நடந்த நடையை நடக்க ஆரம்பித்தன. ஊருக்கு மேற்கே, ஆள் ஏறி முடிக்க அரை மணி நேரம் பிடிக்கிற மேடு அந்தக் கரடு. ஏறி நின்றால் கள்ளியும் உடைமரமும் ஆவாரஞ்செடியும், அவை இல்லாத இடத்தில் வெறும் சரளையும், எந்நேரமும் ஒரே பக்கமாக அடிக்கிற காய்ந்த காற்றும்தான். ஆடு மேய்க்கிறவர்களையும், பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் தூக்கிக்கொண்டு போகிற தகப்பன்மாரையும் தவிர அங்கே யாருக்கும் சோலி கிடையாது. அங்கிருந்துதான், வளைக்கு ஒரு சாரையாக, விடிந்ததும் எறும்புகள் இறங்கி ஊருக்குள் வந்தன. ஏன் கரட்டிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. செத்தவர்கள் எங்கேயாவது ஓரிடத்திலிருந்துதானே வர வேண்டும்.

முதலில் வந்தது மொக்கையன். போன தையில் போய்ச்சேர்ந்த மனுசனின் சாரை, மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நடந்து, டீக்கடை பெஞ்சின் இடது காலடியில் ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா நின்று, அப்புறம் ரேஷன் கடை வரைக்கும் போய், பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியது. டீக்கடைக்காரர் குனிந்து பார்த்து, "இந்தா, மொக்கையன் வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போனார். அவ்வளவுதான் எங்கள் ஆச்சரியம்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். தெருக் கூட்டுகிற பெண்கள் கையகலத்துக்கு ஒரு பட்டையைக் கூட்டாமல் விட்டார்கள், கோலத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டார்கள், காலை எட்டு மணி வரைக்கும் பைக்கை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள், பால்காரன் மட்டும் கேட்காமல் ஓட்டி அபராதமாக ஒரு தேங்காய் உடைத்தான். சண்டையும் வந்தது. செத்தும் என் வரப்பைத்தான் மிதிக்கிறான் என்று ஒருத்தர் அரிவாளோடு போய் எறும்புகளுக்கு முன்னால் நின்றார். கருப்பாயி என்று ஒருத்தி, கூடப்பிறந்த தங்கச்சியோடு இருபது வருசம் பேச்சுவார்த்தை இல்லாமலே செத்தவள். அவளுடைய சாரை தினமும் அந்தத் தங்கச்சி வீட்டுப் பின்சுவர் வரை போய், நின்று, திரும்பியது. தங்கச்சிக்காரி பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இத்தன வருசமும் வந்து நின்னுட்டுப் போயிருக்காளே, எனக்குத் தெரியலயே" என்று அழுத அழுகையை நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம்.

எந்த வளை யாருடையது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு ஒச்சம்மாவை விட்டால் ஆள் இல்லை. அவள் பிறந்த வீட்டார் பஞ்ச காலத்தில் எறும்பு வளையைத் தோண்டிப் புல்லரிசி எடுத்துக் கஞ்சி காய்ச்சினவர்கள். எறும்பு சேர்த்துவைத்த புல்விதையில் பாதியை எடுத்துக்கொண்டு, பாதியை அதற்கே விட்டு, வளையை மூடிவிட்டு வருகிற குடும்பம். வளைவாயில் குவிந்து கிடக்கிற உமியைக் கிள்ளிப் பார்த்தே, வளை பழசா புதுசா, தாய்வளையா பிரிந்து வந்ததா, எத்தனை முழம் ஆழம் என்று சொல்லிவிடுவாள். விடிகிற நேரத்தில் கரட்டில் ஏறி, சாரை கிளம்புகிற திசையைப் பார்த்து, அதன் கூடவே இறங்கி, எங்கே வளைகிறது, எங்கே தயங்குகிறது, யார் வீட்டைக் கண்டால் எட்டப் போகிறது என்று கவனித்து, "இது நம்ம தபால்காரரு, வெயில் பக்கம் நடக்கவே மாட்டேங்குது பாரு" என்பாள். மறுநாள் வளை அருகில் ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்புப் புள்ளி வைத்து அடையாளம் பண்ணிவிடுவாள். கல்லூரியிலிருந்து கண்ணாடிக் குழாய்களோடு ஒரு அம்மா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் கரட்டில் அலைந்தார். எல்லாம் ஒரே இனம்தான், வித்தியாசமே இல்லை என்று அவர் சொன்னபோது, ஒச்சம்மா, "மனுசனும் ஒரே இனந்தானம்மா" என்றாள். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் தானாக உண்டாயிற்று. எங்கள் ஊரில் பெண்கள் புருசன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டுக்கு எழுதுகிறவர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பார்கள், அவள் சொல்லுவாள். சாரை வாசலுக்கு வந்துவிட்டால் மட்டும், வீட்டுக்காரி ஒரு பிடி குருணை அரிசியைப் போட்டு, உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் சொல்லாத அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். நாலைந்து நாள் கூப்பிட்டால் சாரை நிற்கும். வரிசை மொத்தமும் ஒரு மூச்சு நேரம் நின்று, முன்காலைத் தூக்கி, பிறகு நடக்கும். அது நின்றுவிட்டால் ஆள் உறுதி. அப்புறம் தாலியைக் கழற்றாதவள் கழற்றுவாள், காரியம் பண்ணாதவர்கள் பண்ணுவார்கள். பெயர் அதற்கு முதலிலேயே தெரியுமா, நாங்கள்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கினோமா என்று யோசிக்கிற புத்தி எங்களில் ஒருத்தருக்கும் இல்லாமல் போனது. அதுதான் நாங்கள் செய்த தப்பு, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஒச்சம்மா ஊருக்கு முந்தி கரட்டில் ஏறியதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருந்தது. அவள் புருசன் செவனாண்டி, எதிர்வீட்டுக் காசிமாயனோடு சேர்ந்து, முறுக்குச் சுடுகிற வேலைக்கு வடக்கே போயிருந்தான். ஒன்றரை வருசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு இரண்டு பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் நின்றுபோய், இரண்டு வருசம் ஆகிவிட்டது. எதிர்வீட்டு வெள்ளத்தாயி, காசிமாயனின் பெண்டாட்டி, சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துகொண்டு, "அவுக இருக்காகளா இல்லையான்னே தெரியலயேக்கா" என்பாள். "இருக்காக. ரெண்டு பேரும் இருக்காக" என்று ஒச்சம்மா உடனே சொல்லுவாள், கேள்வி முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாள். அவன் செத்திருந்தால் கரட்டில் அவனுக்கும் ஒரு வளை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். புதுசாக ஒரு வளை தெரியும்போதெல்லாம் அதன் சாரையோடு நடந்து, இது அவரில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அவள் தேடினாள்.

ஆவணியில் கண்டுபிடித்தாள். தனியாக நிற்கிற ஒரு கிளுவை மரத்தடியில், புத்தம்புது உமியோடு ஒரு வளை. அதிலிருந்து கிளம்பிய சாரை ஊர்ப் பக்கம் இறங்காமல் வடக்கே திரும்பி, பாறையைச் சுற்றிக்கொண்டு போய், மூன்று ஆவாரஞ்செடிகள் சேர்ந்து நிற்கிற இடத்தை மூன்று தடவை சுற்றி வந்து, அதற்கப்புறம்தான் கீழே இறங்கியது. ஒச்சம்மாவுக்கு அந்த இடம் தெரியும். ஆறு வருசத்துக்கு முன்னால் நாற்பது நாள் பெண்குழந்தை காய்ச்சலில் போனபோது, செவனாண்டி அதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கரட்டில் ஏறினான். பெற்றவளுக்கு இடம் சொல்லக் கூடாது என்பது வழக்கம். அவள் பத்து நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் அவன்தான் வழக்கத்தை மீறி அவள் காதில் சொன்னான்: "மூணு ஆவாரம் சேந்து நிக்கும். நிழலான எடந்தான் புள்ள." சொன்னதோடு சரி, அவளும் அங்கே போனதில்லை, அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் கிளம்பிப்போன சாயங்காலங்கள் அத்தனையும் இப்போது அவள் காலடியில் கறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

புருசன் செத்துவிட்டான் என்பதையும், வடக்கே போகிறவரைக்கும் தினமும் தனியாக வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்பதையும் அவள் ஒரே சமயத்தில் தெரிந்துகொண்டாள். அப்போதும் அவள் அழவில்லை. அழுதால் அவன் செத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வாசலில் குருணை போட்டு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிவரும். ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்கிறவரைக்கும் அந்த ஆள் எங்கேயோ முறுக்குப் பிழிந்துகொண்டு இருக்கலாம் இல்லையா?

புதுச்சாரை ஊர் வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். மூன்றாம் நாள் கோழி கூப்பிட்டதும் எழுந்து, தெருவில் தன் வீட்டுப் பக்கமாக மஞ்சள்பொடியையும் சாம்பலையும் கலந்து ஒரு கோடு இழுத்து, எதிர்வாசல் படியில் ஒரு பிடி குருணையைத் தூவிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எறும்பை வழி திருப்புவது அவளுக்குப் பெரிய வித்தையா? சாரை தெருவுக்குள் வந்தது, இடது பக்கம் திரும்பப் பார்த்தது, கோட்டைக் கண்டு தடுமாறியது, அங்கேயும் இங்கேயுமாகக் கொஞ்ச நேரம் அலைந்தது, பிறகு வலது பக்கம் போனது.

வெள்ளத்தாயி கதவைத் திறந்தவள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அக்கா! ஏக்கா! என் வாசலுக்கு ஒண்ணு வந்துருக்குக்கா. வந்து பாருக்கா. வேற யாராச்சும் வழி தவறி வந்துருக்கும், அப்படித்தானக்கா?"

ஒச்சம்மா வந்தாள், குனிந்தாள், நெடுநேரம் நிமிரவே இல்லை. நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உன் வாசலுக்குத்தான வருது" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. பெயர் எதையும் அவள் சொல்லவில்லை. மிச்சத்தை நாங்கள் சொல்லிக்கொண்டோம். வெள்ளத்தாயி அன்றைக்கு மண்ணில் விழுந்து புரண்டதையும், ஐந்தாம் நாள் சாரை காசிமாயன் என்ற பெயருக்கு நின்று முன்காலைத் தூக்கியதையும், அவள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து மாரடித்து அழுத பெண்களில் ஒச்சம்மாவும் இருந்தாள், நெற்றியில் குங்குமத்தோடு. அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு மாதம். தினமும் விடிந்ததும் வெள்ளத்தாயி வாசலில் குருணையைப் போட்டு, "காசிமாயா" என்று கூப்பிடுவாள். முதலில் அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு கூசியவள், போகப் போக அவனோடு பேசவே ஆரம்பித்தாள். கிணறு வற்றிவிட்டது, செவலைக் கிடாயை விற்கவில்லை, உனக்குப் பிடிக்காத அந்த நீலச் சேலையைத்தான் இன்றைக்குக் கட்டியிருக்கிறேன், ஏசு பார்ப்போம் என்று. எதிர்வாசலில் ஒச்சம்மா சாணி தெளித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். தன் புருசன் எதிர்வீட்டு வாசலில் அடுத்தவன் பெயருக்கு நின்று, அடுத்தவள் போட்ட அரிசியைத் தூக்கிக்கொண்டு போவதை ஒருநாள் விடாமல் பார்த்தாள். கோடு அழிந்தால் மறுபடியும் இழுத்தாள். ஆள் பாதியாகக் கரைந்துவிட்டாள். இவளுக்கும் ஒரு செய்தி வந்துவிட்டால் தேவலை என்று நாங்கள் பரிதாபப்பட்டோம்.

ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான பஸ்ஸிலிருந்து காசிமாயன் இறங்கினான்.

டீக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, "உன் நடையத்தான் எறும்பு நடக்குதே, நீ வேற எதுக்குடா நடக்குற?" என்று கேட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவன் தெருவில் நடந்து வர, நாங்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தோம். வெற்றுக் கழுத்தோடு வாசலுக்கு வந்த வெள்ளத்தாயி அவனைப் பார்த்தாள். ஒரு அறை விட்டாள், நல்ல அறை, கன்னம் பழுத்துப்போனது. அப்புறம்தான் மயங்கி விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து அவளை எழுப்பி உட்காரவைத்த பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். செவனாண்டி போன் நின்ற அந்த மாதமே காய்ச்சலில் செத்துப்போனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கேயே எரித்துவிட்டு, ஒச்சம்மா முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாமல், போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தான். "நல்லபடியாக் கூட்டியாந்து விடுறேன்னு அந்த மதினிகிட்டச் சொல்லித்தான கூட்டிட்டுப் போனேன். என்னத்தன்னு வந்து சொல்ல?" என்றான்.

"இப்ப மட்டும் எப்படிடா வந்த?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு வருசமா வெள்ளன, விடியிற நேரத்துல, யாரோ கூப்புடுற மாதிரியே இருந்துச்சு. என் பேரச் சொல்லி. வேலையே ஓடல. சரி, ஆகுறது ஆகட்டும், போயிருவோம்னு வந்துட்டேன்."

வெள்ளத்தாயி தன் வாசற்படியைப் பார்த்தாள். அப்புறம் எதிர்வாசலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஒச்சம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு முன்னால் தெருவில் மஞ்சளும் சாம்பலுமாக அந்தக் கோடு இருந்தது. பதினோரு மாதமாக அதைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை நடக்கும் என்று பார்க்கத்தான் நாங்கள் கூடினோம், மறைப்பானேன். வெள்ளத்தாயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். வந்தவள் கோட்டைக் கூட்டித் தள்ளினாள். ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிக் கழுவிவிட்டாள். அப்புறம் ஒச்சம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தெனமும் கரட்டுல மூணு ஆவாரத்தச் சுத்திட்டு வருதே, எம்புருசனுக்கு அங்க என்ன சோலின்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன்க்கா. சரி, அவுகளுக்கு என்னமோ இருக்கும்னு அங்கயும் போயி ஒரு பிடி போட்டுட்டு வந்தேன். அது என்ன எடங்க்கா?"

ஒச்சம்மா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் முன்வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது.

வெள்ளத்தாயிக்கு வாய் கோணியது. "பதினோரு மாசம் நான் உன் புருசனுக்கு அழுதிருக்கேன்க்கா. நீ ஒரு நாளாச்சும் அழுதியா? அந்த மனுசன் பேரச் சொல்லி இந்த ஊர்ல ஒரு சனம் அழல. செத்ததுக்கு அதுகூடவா கெடைக்கக் கூடாது?" என்றாள். திட்டவில்லை, கேட்டாள். பிறகு தன் வாசலில் கிடந்த பழைய குருணையை ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்துவிட்டு, "கூப்புடுக்கா. வார நேரம் ஆச்சு" என்றாள்.

ஒச்சம்மா புதுக்குருணை எடுத்துவந்து தன் வாசலில் போட்டாள். பாதி தெருவில் சிந்தியது. சாரை மோட்டார் ரூமைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, இரண்டு வாசலுக்கும் நடுவே வந்துகொண்டிருந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயரை, முப்பத்தெட்டு வயதில் முதல்தடவையாக, ஒச்சம்மா வாய்விட்டுச் சொன்னாள்.

"செவனாண்டி."

சாரை நிற்கவில்லை. குருணையை மோந்துகூடப் பார்க்காமல் வலது பக்கம் திரும்பியது. ஒச்சம்மா மண்டிபோட்டு, தரையோடு தரையாக முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். இங்க வாங்க என்றாள். பிள்ளைய நானும் பாத்துட்டேங்க என்றாள். பெயரை மறுபடியும் மறுபடியும் சொன்னாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, கரட்டுக்கே கேட்கிற மாதிரி. எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்வாசல் படியில் ஏறிக்கொண்டிருந்தன, கூட்டிச் சுத்தமாக இருந்த படியில், ஒன்றும் இல்லாத இடத்தில்.

வெள்ளத்தாயிக்குப் பொறுக்கவில்லை. ஏய், நில்லு, அங்குட்டுப் போ என்று சாரையை அதட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பதினோரு மாதமாக அந்த நேரத்துக்கு அந்த வாயிலிருந்து வந்து பழகியது எதுவோ, அதுதான் வந்தது.

"காசிமாயா!"

சாரை மொத்தமும் நின்றது. தெருமுனையிலிருந்து வாசற்படி வரைக்கும் ஒன்று பாக்கியில்லாமல் நின்று, முன்காலைத் தூக்கியது. வீட்டுக்குள் தலை துவட்டிக்கொண்டிருந்த காசிமாயன், "என்ன புள்ள?" என்று குரல் கொடுத்தான்.

ஒச்சம்மா மண்டிபோட்டபடியே தன் வாசலில் கிடந்த குருணையைக் கையால் கூட்டி முந்தானையில் அள்ளிக்கொண்டாள். எழுந்து, தெருவைத் தாண்டிப் போய், வெள்ளத்தாயி வாசற்படியில் உட்கார்ந்து, மண்ணை ஊதி ஊதி அந்த அரிசியைச் சாரைக்குப் போட்டாள்.